துண்டுக்கு ஒரு தட்டு

எங்கள் சித்தப்பா மட்டும் இல்லையென்றால் உலகத்தில் பாதிப்பேர் தப்பு மாத்திரை தின்று செத்திருப்பார்கள். மீதிப்பேர் மாத்திரையின் பெயரைச் சொல்லப்போய் மூச்சடைத்தே செத்திருப்பார்கள்.

மொத்த மருந்துக் கிடங்கில் அவருக்குப் பெயர் சொல்லும் வேலை. கடைக்காரர்கள் போனில் கேட்பதை அவர் உரக்கச் சொல்வார். அலமாரிச் சந்துக்குள் நிற்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பெட்டியில் கைவைக்க வேண்டும். நீளமான பெயரென்றால் துண்டு போடுவார். துண்டுக்கு ஒரு தட்டு, மேசைமேல்.

"ஹைட்... ராக்... சி... குளோ... ரோ... குயின்."

ஏணிமேலிருந்து பெட்டி எடுக்கும் ஒட்டகம் அண்ணன், "யோவ், மாத்திரை கேட்டா ரயிலே விடுற" என்பார்.

"அப்போ ஒவ்வொரு பெட்டியா ஏறு. நடுவுல விழுந்து தொலையாத."

பீடியைக்கூடத் தொடாத சித்தப்பாவுக்கு நாக்கில் புற்று வந்தது. பாதி நாக்கை வெட்டி எடுத்தார்கள்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து, மெல்ல முடியாதவருக்கு ஆப்பிள் கொடுத்தார். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தார். "திங்கக்கிழமை வந்து சொல்லிக் காட்டு. ஏணியில நிக்கிறவனுக்குப் புரிஞ்சா உன் நாற்காலி உனக்கு. இல்லன்னா அட்டைப்பெட்டி ஒட்டப் போயிடு" என்றார்.

சித்தப்பா வீட்டில் பழக ஆரம்பித்தார். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார். எதிரே உட்கார்ந்து நான் திருப்பிச் சொல்ல வேண்டும். தட்டு மட்டும் பழைய தட்டு. வாயிலிருந்து வந்தது, தண்ணீருக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுவதுபோல இருந்தது. ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அடுப்படியில் சித்தி கரண்டியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவினாலும், காப்பியடிக்கும் கலை கைவிடவில்லை. அவர் விரலிடுக்கில் தெரிந்ததைப் படித்துச் சொன்னேன். அந்த முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்தபிறகு எப்படி நிறுத்துவது? தினமும் படித்தேன்.

"பாத்தீங்களா, ஒண்ணு விடாமச் சொல்றான்" என்று சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடி உட்கார்ந்தோம். அவர் தட்டிச் சொல்லி முடித்தார்.

"லெவோசெட்டிரிசின்" என்றேன், கொட்டாவி விட்டபடி.

சித்தப்பா தலையாட்டவில்லை. சட்டைப்பையிலிருந்து வேறொரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஐபுப்ரோஃபென். அவர் சொன்னது அதைத்தான்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு, சித்தப்பா" என்றேன்.

அவர் நான்கு விரலைக் காட்டினார். தட்டியது நாலே தட்டு. நான் சொன்ன பெயருக்கு ஆறு வேண்டும். அதைக்கூட நான் கேட்கவில்லை.

அடி விழும் என்று குனிந்தேன். அவர் உள்ளங்கையால் என் கண்ணிரண்டையும் பொத்தினார். மறுகை மேசையைத் தட்ட ஆரம்பித்தது.