மறுநாள் காலைக்கு வைத்த கல்லறை

என் மாமியார் சிலுவையம்மாள் 'வேண்டாம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு காரியம் பிடிக்கவில்லை என்றால் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "காத்தால பாத்துக்கலாம்" என்பார். அந்தக் காலை வரவே வராது. ராயபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கொஞ்ச நாளிலேயே இதைத் தெரிந்துகொண்டேன். வாய் இல்லாதவளுக்குக் கண்ணாவது இருக்க வேண்டுமே.

மாமனார் இறந்த பிறகு காசிமேட்டில் மீன் எடுத்து, கூடை சுமந்து விற்றுப் பிள்ளையை வளர்த்தவர் அத்தை. படுக்கையில் கிடந்த தன் தாய்க்குப் பீ மூத்திரம் அள்ளியதும் அவர்தான். தங்கை கிறிஸ்டினா அமெரிக்காவில் நர்ஸ். தாய் செத்தபோது அவர் வரவில்லை. அந்தக் கோபத்தில் அத்தை கல்லறைக்குக் கல் வைத்தார். கீழே பெயர் போடும் இடத்தில் அத்தை, என் கணவர், வந்து மூன்று மாதம்கூட ஆகாத நான். தங்கையின் பெயர் கிடையாது. ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் அந்த எழுத்துகளுக்கு அத்தையே கறுப்பு மை தீட்டுவார். விட்டுப்போனதை விட்டுப்போனதாகவே வைத்திருந்தார்.

2001இல் போன் வந்தது. கிறிஸ்டினா சின்னத்தை வருகிறார். சனிக்கிழமை காலை இறங்கி, ஞாயிறு சாயங்காலம் வேலூருக்கு. அம்மா கல்லறையைப் பார்ப்பது ஒன்றுதான் இங்கே அவருக்கு வேலை. அத்தை போனை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். தங்கை அந்தக் கல்லைப் பார்க்காமல் ஊர் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தெரு உசேன் ஏர்போர்ட்டுக்கு ஆம்னி வேன் ஓட்டுகிறவன். அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அமெரிக்காலேர்ந்து வர்றவங்களுக்கு நம்ம பகலு ராத்திரிம்மா. மத்தியானமே தலை தொங்கிடும். இஸ்துகினு போயி சுத்திக் காட்டிட்டு வுட்டா, இடி வுழுந்தாலும் எந்திரிக்க மாட்டாங்க."

"மறுநாளுமா?"

"எங்க எந்திரிக்கிறது!"

அத்தைக்கு அது போதும். சனிக்கிழமை பூராவும் ஊர் சுற்றல். கல்லறை மட்டும் ஞாயிறு காலை.

சின்னத்தை சாமான் இறக்கியதுமே கேட்டார். "இப்பவே போயிட்டு வந்துடலாம்க்கா. அப்புறம் எனக்குத் தூக்கம் தள்ளும்."

"கல்லறை எங்கனா ஓடிடுமா? உனக்குனு வண்டி சொல்லிக்கீறேன். அத காத்தால பாத்துக்கலாம்."

ராயபுரம் கோயில், சாந்தோம், பரங்கிமலை, மியூசியம், கடற்கரை. பரங்கிமலைப் படியில் சின்னத்தை உட்கார்ந்தே தூங்கினார். அத்தை விலாவில் இடித்து எழுப்பினார். மியூசியத்தில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கண்ணயர்ந்தார்.

"தோ பாரு, எம்மாம் பெரிய எலும்புக்கூடு. அங்க கீதா இது?"

"நானே எலும்புக்கூடாத்தான் கீறேன். வூட்டுக்குப் போலாம்க்கா."

"பீச்சு பாக்காம போனியா, ஜனங்க இன்னா நெனைக்கும்?"

காசிமேட்டுக் கரையில் பிறந்து வளர்ந்தவருக்கு அத்தை கடல் காட்டினார். நானும் கூடவே போனேன். தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

பொழுது சாய வீட்டுக்கு வந்ததும் சின்னத்தை சோறுகூடத் தொடாமல் சுருண்டுவிட்டார். அத்தை திருப்தியாகக் கால் நீட்டினார். வெயிலில் அலைந்த உடம்பு, அவரும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்.

உசேன் ஏற்றுவான், சுற்றுவான், இறக்கிவிடுவான். அப்படி இறங்கியவர்கள் மறுநாள் என்ன ஆகிறார்கள் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

விடியற்காலை தண்ணீர் பிடிக்க எழுந்தேன். சின்னத்தை குளித்து, புடவை கட்டி, தெளிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு முழிச்சி எவ்ளோ நேரமா ஆவுது. ஒடம்புக்கு இன்னும் ஊரு மாறலை. கல்லறை கேட்டு தொறந்துருப்பாங்கல்ல?"

தலையாட்டினேன். அவருக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. நான் அத்தையைப் பார்த்தேன். வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். குடத்தை எடுத்துக்கொண்டு பம்புக்குப் போனேன்.

வரிசையில் நின்று மூன்றாவது குடம் வைக்கும்போது வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. சின்னத்தை கல்லறைக்குப் போய்த் திரும்பிவிட்டார்.

"உம் பேரு கீது, உம் புள்ள பேரு கீது, நேத்து வந்த பேரன் பொண்டாட்டி பேரு கூட கீது. என்னுது எங்க?"

"அம்மா செத்த அன்னிக்கு நீ எங்க?"

"லீவு தர்லனு சொன்னேன்ல?"

"அது மட்டும் லீவு கேட்டுகினா செத்துச்சு?"

"அதுக்குத்தான் நேத்து பூரா என்னிய மாடு மாதிரி ஓட்டுனியா?"

"ஊரு சுத்திக் காட்டுனேன்."

"நான் பொறந்த ஊர எனக்கே காட்டுறியா? தூ! அம்மாவுக்கு எல்லாம் நீதான் அள்ளுன, ஒத்துக்கறேன். அதுக்காக என்னிய இல்லாத ஆளாக்கிடுவியா? நானும் அது வவுத்துலதானே பொறந்தேன்?"

பம்படியில் ஒருவரும் தண்ணீர் அடிக்கவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சின்னத்தை பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். பல்லில் வேப்பங்குச்சியோடு நின்ற உசேனிடம், "எட்றா வண்டிய" என்றார். அவன் குச்சியைத் துப்பிவிட்டு ஓடினான். வஞ்சிர மீன் குழம்புக்கு அரைத்து வைத்திருந்த மசாலா அப்படியே கிடந்தது.

அன்று முழுக்க அத்தை என்னோடு பேசவில்லை. உசேனைத்தான் திட்டினார்.

ஏழு வருஷம் ஆகிறது. சின்னத்தை வருவதில்லை, போனும் இல்லை. அத்தைக்குக் கண் மங்கிவிட்டதால் கல்லறைக்கு மை தீட்டுவது இப்போது நான். கல்லில் அதே மூன்று பெயர்கள்தான் இருக்கின்றன.