வெடி முடிந்ததும் வரும் அழைப்பு

மதியம் ஒன்றே கால். அந்த நேரத்துக்கு மகளின் அழைப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

சூளகிரிக்கு அப்பால் ஒரு கல்குவாரியில் அவள் மேற்பார்வையாளர். பாறையில் குழி போட்டு, மருந்து வைத்து, வாயைக் களிமண்ணால் இறுக்கி, சாப்பாட்டு நேரத்தில் வெடிக்க வைப்பார்கள். பெயர்ந்த கல் கிரஷரில் ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் அரைபட்டு ஓசூருக்குப் போகும். நாங்கள் குடியிருக்கும் வீடும் அந்த மணலில் கட்டியதுதான். வெடி முடிந்ததும் ‘ஆச்சுப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்வாள். அதைக் கேட்ட பிறகுதான் கம்பெனி கேன்டீனில் எனக்குச் சோறு இறங்கும்.

அன்று நானே கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் இல்லை. ஷிப்டில் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன். எதிரே வந்த ஜல்லி லாரிக்காரர்களின் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

குவாரிப் பாதையின் முனையில் சிவப்புக் கொடியோடு ஒரு பெண் மறித்தார். பக்கத்தில் ஒரு பக்கெட் நிறைய, வெடிமருந்து இருக்கும் இடத்துக்குள் கொண்டுபோகக் கூடாத கைபேசிகள்.

“இங்கயே நிறுத்துங்க சார். ஒரு குழி வெடிக்காம நின்னுபோச்சு. பக்கத்துல வேற குழி போட்டு வெடிச்சாதான் உள்ள இருக்கறவங்கள வுடுவாங்க. இதுவரைக்கும் யாருக்கும் ஒண்ணுமில்ல.”

“எம் பொண்ணு உள்ள இருக்காம்மா.”

“எங்க வூட்டுக்காரரும் உள்ளதான் இருக்காரு. நான் கொடியப் போட்டுட்டு ஓடறனா?” என்றவர் என்னை உற்றுப் பார்த்தார். “அட, மேடத்தோட அப்பாவா? இந்தப் போன்ல நீங்கதான் வந்து வந்து போனீங்க. போட்டோவுல நல்லா சிரிச்சிக்கிட்டிருந்தீங்க.”

“எடுத்திருக்கலாமேம்மா.”

“அடுத்தவங்க போனத் தொட்டா மேடம் திட்டும். மொதலாளி போனயே புடுங்கி பக்கெட்ல போட்ட ஆளு அது.”

தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். சங்கு ஊதியது. தரை அதிர்ந்தது, புழுதி எழுந்து மேட்டையே மறைத்தது. இப்போதும் எந்தக் கம்பெனியில் சங்கு ஊதினாலும் என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.

மறுபடி சங்கு ஊதிய பிறகு ஆட்கள் வந்தார்கள். அந்தப் பெண்ணின் கணவரும் அவர்களில் இருந்தார். எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக அவள் வந்தாள். இமையெல்லாம் சாம்பல் நிறத் தூசி. பக்கெட்டில் கைவிட்டுத் தன் போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“ரொம்பப் பயந்துட்டீங்களாப்பா?”

தலையாட்டினேன். மற்றவர்களுக்குக் கேட்காதபடி அருகில் வந்து சொன்னாள்:

“நானுந்தாம்பா.”