பந்தலுக்குப் போன கிணற்றுக் கயிறு

ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி ஐந்து நிமிடம். எழுபதுகளின் தொடக்கம். அந்த நேரத்தை அன்றே குறித்து வைத்தேன். பின்னர் நடந்த விசாரணையில் அதை ஒருவரும் கேட்கவில்லை.

வலிகாமத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் திருத்துமிடத்தில் நான் மெக்கானிக். தோட்டத்துக்கு நீர் இறைக்கும் மண்ணெண்ணெய் மிசின்களைத் திருத்துவது வேலை. ஆவணியில் கிணறு வற்றும். மேலே நிற்கும் மிசினால் அந்த ஆழத்துத் தண்ணீரை இழுக்க முடியாது. ஆகவே கிணற்றுக்குள் இருபதடி ஆழத்தில் பனைமரத்தைக் குறுக்கே போட்டு, அதன்மேல் மிசினை இறக்கி ஓட்டுவார்கள். புகை உள்ளேயே தங்கும். அதில் ஒரு நச்சு வாயு உண்டு. அதற்கு மணமுமில்லை, நிறமுமில்லை. மிசினோடு வந்த ஆங்கிலக் கையேட்டில் வாசித்ததை வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னேன்.

"உதெல்லாம் புத்தகக் கதை அண்ணை. நாங்கள் உள்ளை நிண்டு பீடி பத்திறனாங்கள்" என்று சிரித்தார்கள்.

சங்கத்துக்கு ஒரு வருடம் கடிதம் எழுதினேன். கடைசியில் அறுபதடி மணிலாக் கயிறு, ஆளைக் கட்டி இறக்கும் இரண்டு கன்வஸ் பெல்ட், ஒரு கப்பி, அதைத் தூக்கி நிறுத்த மூன்று கால் இரும்புச் சட்டம் எல்லாம் வந்தன. வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் கொளுவி, மேலே 'கிணற்று ஆபத்துக்கு மட்டும்' என்று சிவப்பில் எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை பத்து ஐந்துக்கு ஒரு தோட்டக்காரர் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"கந்தையர் மிசினுக்கு எண்ணெய் விட இறங்கினவர், மரத்திலை சரிஞ்சு கிடக்கிறார். கூப்பிட்டா முனகிறார். கெதியா வாங்கோ."

சுவரில் பெல்ட் இருந்தது, கப்பி இருந்தது. கயிறு இல்லை.

சங்க மனேஜரிடம் கேட்டேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைக்கவில்லை. "கயிறோ? புதன்கிழமை கோயில் பந்தலுக்குக் குடுத்தனான். சங்கத் தலைவர் கேட்டவர், இல்லையெண்டு சொல்லேலுமோ? தேர் முடிய வந்திடும்."

"அங்கை ஆள் சாகக் கிடக்குது."

"ஏன் கத்திறீர்? தோட்டத்திலை துலாக்கயிறு கிடக்கும்தானே."

கோயில் எதிர்த்திசையில் இரண்டு மைல். கயிறோ பந்தல் உச்சியில். பெல்ட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு நான் தோட்டத்துக்கே போனேன்.

முன்பு கையால் நீர் இறைத்த பழைய துலாக்கயிறு கிடந்தது. மிசின் வந்தபின் ஊரில் யாரும் துலாக்கயிறு மாற்றுவதில்லை. இரண்டாம் இழுவையில் அது என் கையிலேயே அறுந்தது.

கந்தையரின் தம்பி ராசன் கிணற்றுக்கட்டில் கால் வைத்துவிட்டான். இடுப்பைப் பிடித்து இழுத்து விழுத்தினேன்.

"விடுங்கோ, என்ரை அண்ணன்."

"கயிறில்லாமல் இறங்கினா நீயும் அங்கை கிடப்பாய்."

அவன் என்னைப் பார்த்தான். "போன கிழமை உங்கடை சுவரிலை ஒரு கயிறு கண்டனான். எங்கை அது?"

மாட்டுக் கயிறுகளை அவிழ்த்து வரச் சொன்னேன். பெண்கள் வேப்பங்கொப்புகளைத் துணி காயும் கொடியில் கட்டி இறக்கி, காற்றுப் புகட்ட மேலும் கீழும் ஆட்டினார்கள். மூன்றாவது கயிற்றை முடிச்சுப் போட்டு இணைக்கும்போது முனகல் நின்றது. ஆறு கயிறுகளை இணைத்து, பெல்ட்டைக் கட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு நான் இறங்கினேன். கந்தையரை மேலே கொண்டுவந்தபோது மணி பத்து ஐம்பத்திரண்டு. உயிர் இல்லை.

'இறந்தவரின் கவனக்குறைவு' என்று விசாரணையில் எழுதினார்கள். கயிற்றைப் பற்றி நான் சொன்னபோது, "கோயில் காரியத்தை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறீர்?" என்றார் சங்கத் தலைவர்.

ஒன்றை மறைக்கக்கூடாது. புதன்கிழமை அந்தக் கயிறு ஒருவர் தோளில் வெளியே போனதை நான் கண்டேன். கோயில் காரியம் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

தேர் முடிந்து கயிறு வந்தது. "பாத்தீரே, ஒரு நூல் குறையேல்லை. கொளுவும்" என்றார் மனேஜர்.

நான் கொளுவவில்லை. அவர் கண்முன்னாலேயே அதை இரண்டாக வெட்டினேன். ஒன்று இறங்குகிறவனுக்கு, மற்றது தூக்கப்படுகிறவனுக்கு. இரண்டின் நுனியிலும் பெல்ட்டை வைத்து, கழற்ற முடியாதபடி பின்னித் தைத்தேன்.

"நல்ல கயிறைப் பழுதாக்கிப்போட்டீர். இனி உது வேறை ஒண்டுக்கும் உதவாது."

"ஓம். அதுக்குத்தான்."

இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆபத்துக்கென்று வைக்கும் பொருளை வேறெதற்கும் உதவாதபடி செய்து வையுங்கள். அதை இரவல் கேட்டு வருகிறவர் கெட்டவராக இருக்கமாட்டார். நல்ல காரியத்துக்குத்தான் கேட்பார்.

நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கயிறுகளை யாரும் கேட்கவில்லை. ராசன் மட்டும் ஒவ்வோர் ஆவணியிலும் வந்து வாசலில் நின்று சுவரைப் பார்ப்பான். இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, வாசற்படி ஏறாமலே திரும்பிப் போய்விடுவான்.