மாமாவுக்க வண்டியும் வழிநெடுகக் குளியும்

வில்லுவண்டி ஓட்டுறவனுக்குக் காளைய அடக்கத் தெரிஞ்சா போதும்னு நினைக்காதீங்க, உள்ள இருக்கிற ஆளுகளக் குளிப்பாட்டவும் தெரியணும். நம்ம பக்கத்து மனுஷன் கஞ்சி இல்லாம ஒரு பகல் இருந்துருவான், குளி இல்லாம இருக்கமாட்டான். பாறசாலையில ஏறுவான், பொழியூர்ல கடலக் கண்டதும் "வேய், வண்டிய நிறுத்தும், ஒண்ணு முங்கிட்டு வாறேன்"ம்பான். பூவாருல ஆத்தக் கண்டா அங்கயும் முங்கணும். விழிஞ்ஞத்துல பாறையக் கண்டா, அங்கயும்.

லீவுக்கு வீட்டுக்குப் போயி மாமன், சித்தப்பன் கையில மாட்டிக்கிட்ட சக மாணவர்களே, ஒங்களுக்காக்கும் இத எழுதறேன். திருவனந்தபுரம் காலேஜுல எஃப்.ஏ. முதல் வருஷம் முடிச்சிட்டு கோடை லீவுக்குப் பாறசாலைக்கு வந்தவன, "சும்மா இருந்து என்னலே செய்யப்போற"ன்னு எனக்க மாமா வண்டிக்குப் பின்னால ஏத்திட்டாரு. அம்மைக்கு நேரே இளையவரு. எனக்கு அப்பா இல்ல, படிப்பிக்கிறது அவருதான், அதனால ஏறினேன். வேலை என்னன்னா, கடவு, அதாவது குளிக்கிற துறை, வந்ததும் முன்னால ஓடிப் போயி, பொம்பளைக யாராவது குளிக்காங்களான்னு மறைஞ்சு நின்னு கூவிக் கேக்கணும், கம்ப விட்டு ஆழம் பாக்கணும், ஏறி வாறவங்களுக்கு ஒடம்பு தொடைக்கத் துவர்த்து எடுத்துக் குடுக்கணும்.

வாயத் தொறக்கக்கூடாது. அதுவும் வேலைதான். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம்னு ஊருக்கே தெரியும். சபையில மூப்பருகூட வழக்கு, மளிகைக்கடையில தராசுகூட வழக்கு. முதல் நாளே மாமா நுகத்தடியப் பிடிச்சுக்கிட்டு சொல்லிட்டாரு: "எலே, வண்டியில ஏறின ஒருத்தராவது ஒனக்க வாயப் பத்தி எங்கிட்ட குறை சொன்னா, காலேஜு அதோட தீந்துது. நீ இந்த வண்டியிலதான் கிடப்ப, கேட்டியா."

செம்பு போதும்

பொழியூருக்கு ஒரு உபதேசியாரக் கொண்டு போனோம். நல்ல தடி ஆளு. வழி முழுக்க ஞானஸ்நானத்தப் பத்தி எனக்குப் பாடம் எடுத்தாரு. முழுகணும், தெளிக்கக்கூடாது, தெளிக்கிறது விசுவாசம் இல்லாதவன் செய்யிற வேலைன்னு ஒரே சத்தம். காளைங்களே தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டு வந்துது.

பொழியூர்ல கடலு அன்னைக்கு கொஞ்சம் பெரிசு. உபதேசியாரு மணல்ல எறங்கினாரு, அலையப் பாத்தாரு, அலை இவரப் பாத்துது. அப்படியே குத்தவச்சு இருந்துட்டாரு. "மக்கா, வண்டியில ஒரு செம்பு கிடக்கும், எடு"ன்னாரு. நான் அலைக்குள்ள ஓடி ஓடிச் செம்புல வெள்ளம் மோந்து கொண்டாந்து அவருக்க தலையில ஊத்தினேன். முன்னால உலகம் முழுக்க வெள்ளம் கிடக்கு, இங்க ஒரு ஆளு செம்புல குளிக்கிறாரு! தெளிக்கிறதப் பத்தி அவரு சொன்னத அவருக்கே திருப்பிச் சொல்ல எனக்க நாக்கு துடிச்ச துடிப்பு எனக்குத்தான் தெரியும். வாய்க்குள்ளயே கடிச்சுப் பிடிச்சேன். ஆனா முகத்த என்ன செய்ய? அதப் பாத்துட்டு அவரே சொன்னாரு: "சிரிக்காதலே. கடலுக்கு ஆழம் உண்டு, செம்புக்கு ஆழம் இல்ல. எனக்குப் பெண்டாட்டி பிள்ளைக உண்டு."

மணம்

பாலராமபுரத்துச் சேலை வியாபாரி ஒருத்தரு, அவருக்க சம்சாரத்தோட ஏறினாரு. வண்டி நிறையச் சரிகைக் கரை போட்ட கசவுச் சேலைக் கட்டு. பூவாரு தாண்டி வடக்க கால்வாய் ஓரமாப் போகும்போ வெயிலு உச்சியில நிக்கு. "இங்க நல்ல நிழலு உண்டு, நிறுத்தும்"னாரு. நான் எறங்கிப் பாத்தேன். கயிறு திரிக்கத் தேங்கா மட்டைய, தொண்டும்பாங்களே, அத அழுகப் போட்டிருக்கிற எடம். மேல பாத்தா பச்சை வெள்ளம், அடியில ஆறு மாசத்து நாத்தம். நிரந்தரமா அங்க இருக்கிறவனுக்குத் தெரியாது, புதுசா வாறவனுக்கு மூக்குல ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். ஆனா வியாபாரிக்கு ஜலதோஷம், மூக்கு அடைச்சுக் கிடக்கு.

நான் மரியாதையாத்தான் சொன்னேன். "அண்ணாச்சி, இங்க வேண்டாம், தொண்டு போட்டிருக்கு." அவரு, "எனக்கு வெள்ளம் பாக்கத் தெரியும், நீ கம்பப் பிடி"ன்னாரு. சரின்னு கம்பப் பிடிச்சேன். மனசு நிறைஞ்சு குளிச்சாரு, மூணு தடவை முங்கினாரு, "தேன் மாதிரி வெள்ளம்"னு வேற சொன்னாரு. ஏறி வண்டிக்குப் பக்கத்துல வந்ததும் காளை ரெண்டும் முகத்தத் திருப்பிச்சு. அந்த அம்மா சேலைத் தலைப்ப மூக்குல வச்சுக்கிட்டு, சத்தமே போடாமச் சொன்னாங்க: "நீங்க விழிஞ்ஞம் வரை பின்னால நடந்து வாருங்க. கல்யாணச் சேலையில இந்த மணம் ஏறினா மாப்பிள்ளை தாலி கட்டாம ஓடிருவான்."

மறைவு நின்னது

குன்னத்துகால்ல இருந்து ஒரு கல்யாணத்துக்குப் போன அக்காமாரு நாலு பேரு. விழிஞ்ஞத்துக்கு இந்தப் பக்கம் பாறைகளுக்கு நடுவுல ஒரு குழி உண்டு. அலை பாறையில முட்டி, கோவம் எல்லாம் அங்கயே தீந்து, உள்ள வரும்போ பூனைக்குட்டி மாதிரி வரும். கழுத்தளவு வெள்ளம், அடியில மணலு, கண்ணாடி மாதிரித் தெளிவு. நான் கண்டதுல அதுதான் நல்ல எடம். எனக்குக் கோவம் வரும்போ இப்பவும் அந்தக் குழிய நினைச்சுக்குவேன். ரொம்ப உதவாது, ஆனாலும் நினைப்பேன்.

பொம்பளைக எறங்கினா, நான் பாதையில முதுகக் காட்டி நின்னு வாறவனத் தடுக்கணும். அதுதான் முறை. அன்னைக்கு ஒருத்தன் வந்தான், தோளுல தூண்டிலு. "வழி விடு"ன்னான். "பொம்பளைக குளிக்காங்க, சுத்திப் போ"ன்னேன். "இது எங்க அப்பன் காலத்துல இருந்து நாங்க போற வழி"ன்னான். "ஒங்க அப்பனுக்கு மறைவு நிக்கிறதுன்னா என்னன்னு தெரிஞ்சிருந்தா ஒனக்கும் சொல்லித் தந்திருப்பான்"னேன். அவன் எனக்க அப்பனப் பத்திக் கேட்டான். நான் அவன் தாத்தாவுக்குப் போனேன். வண்டிக்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்மந்தம்னு அவன் கேட்க, தூண்டிலுக்கும் பாதைக்கும் என்ன சம்மந்தம்னு நான் கேட்க, ரெண்டு பேருக்கும் தொண்டை அடைச்சுப் போச்சு. இவன் வண்டியில ஏறின ஆளு இல்ல, அதனால மாமாவுக்க சட்டத்துல இவன் வரமாட்டான்னு எனக்கு நல்ல தைரியம். அப்போ அவனுக்குப் பின்னால ரோட்டுல இருந்து மூத்த அக்கா கூப்பிட்டா: "எலே மக்கா, நாங்க குளிச்சு, தலை காஞ்சு, வண்டியிலயும் ஏறியாச்சு. வேணும்னா அந்த ஆளையும் கூட்டிட்டு வா, மிச்சத்த வழியில பேசலாம்."

மாமா மிதந்தது

அக்காமார எறக்கி விட்டுட்டு காலி வண்டியில திரும்பும்போ, மாமா தானாவே அந்தக் குழிக்கிட்ட வண்டிய நிறுத்தினாரு. காளைய அவுத்துப் புல்லுல விட்டோம். மாமா எறங்கி மல்லாந்து கிடந்தாரு. நானும் கிடந்தேன். காது ரெண்டும் வெள்ளத்துக்குள்ள, வானம் மட்டும் தெரியுது. பகல் முழுக்க வண்டியில குலுங்கின எலும்பு ஒவ்வொண்ணும் அதுக்கதுக்க எடத்துல போயி உக்காந்துது. யாருகூடயும் எனக்கு அந்த நேரம் வழக்கு இல்ல. மாமா பக்கத்துல மிதந்து வந்து சொன்னாரு: "வாய மூடிக்கிட்டு இப்படிக் கிடக்க ஒனக்குத் தெரியும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இதக் கரையிலயும் நாலு நாளு செய்யிலே, காலேஜு தொறக்கப் போவுது."

ஆறு திரும்பினது

கடைசி ஓட்டம். பொழியூர்ல நிலம் அளக்கப் போயிருந்த சர்க்காரு கச்சேரிப் பிள்ளை ஒருத்தர நெய்யாத்தங்கரைக்குக் கொண்டு விடணும். நல்ல சைவக் குடும்பம், நெத்தி நிறைய விபூதி, கையில தலைக்குத் தேய்க்கிற தாளியிலையும் எண்ணெக் குப்பியும். சாயங்காலம் பூவாருல ஆத்தங்கரையில நிறுத்தச் சொன்னாரு. வழுக்கு மண்ணு, எனக்க தோளப் பிடிச்சுத்தான் எறங்கினாரு. எறங்கினதும் ஊர்ல இருக்கிற முறைய இங்க எடுத்து வச்சாரு: மேல்கடவு அவருக்கு, கீழ்க்கடவு எங்களுக்கு, அதுக்கும் கீழ மாட்டுக்கு. எங்க மேல பட்ட வெள்ளம் அவரு மேல படக்கூடாது. எனக்குக் கோவம் உச்சந்தலை வரைக்கும் ஏறிச்சு. மாமா என்னையப் பாத்தாரு. காலேஜு தொறக்க ரெண்டே நாளு. நான் முழுங்கினேன்.

ஆனா பூவாரு நெய்யாத்தங்கரை இல்ல. இங்க ஆறு கடல்ல சேருது. அந்த வருஷம் மழை முந்தி வந்து, நடுவுல கிடந்த மணல்திட்டு, பொழிம்பாங்களே, அது முறிஞ்சு கிடக்கு. கடலு ஏறும்போ ஆறு ஒழுகுறத மறந்து திரும்பி நடக்கும். நான் போயி, "ஐயா, கடலு ஏறத் தொடங்கியாச்சு"ன்னு மட்டும் சொன்னேன். "ஆறு எங்கோட்டு ஒழுகும்னு எனக்கு நீயாலே படிப்பிக்கிறது? மிண்டாம வாயப் பொத்திக்கிட்டுப் போ"ன்னாரு. போனேன். சோப்பத் தேச்சேன். மாமா காளையத் தேச்சாரு. காளை அதுக்க வேலையயும் வெள்ளத்துலயே முடிச்சுது. சோப்பு நுரை, வைக்கோலு, சாணம் எல்லாம் பைய அசைஞ்சு, ஊர்வலம் மாதிரி மேல்கடவுக்குப் புறப்பட்டுது. பிள்ளை கழுத்தளவு வெள்ளத்துல கண்ண மூடி ஜெபிச்சுக்கிட்டு நிக்காரு. நான் மாமாவப் பாத்தேன். மாமா வானத்தப் பாத்தாரு.

நுரை அவருக்க தாடையத் தொட்டதும் கண்ணு தொறந்துது. "மாட்ட மேல கொண்டு போனது யாருடே?"

"மாடு நின்ன எடத்துலதான் நிக்கு, ஐயா. ஆறு திரும்பியாச்சு. இப்ப நாங்களாக்கும் மேல்கடவு." அவ்வளவுதான், லீவு முழுக்க அடக்கி வச்சது பொழி முறிஞ்ச மாதிரி வந்துட்டு. "சாணம்தானே ஐயா, ஒங்க முத்தத்துல மெழுகுறதுதானே?"

"சாணத்த யாருலே சொன்னா? நீ குளிச்ச வெள்ளமாக்கும் தீட்டு!"

"எறங்கும்போ எனக்க தோளப் பிடிச்சீங்களே, அப்போ?"

"அதுக்காக்கும் குளி!"

"சரி, குளிச்சு ஏறின பிறகு அதே தோளப் பிடிச்சுத்தானே வண்டியில ஏறணும்? அப்புறம் அதுக்கு எங்க குளிப்பீங்க?"

பிள்ளை ரெண்டு கையாலயும் நுரையத் தள்ளித் தள்ளிப் பாத்தாரு. அது வந்துக்கிட்டே இருக்கு. வேற வழியில்லாம, "இப்ப ஒங்களுக்கு மேல எதுலே?"ன்னு கேட்டாரு. நான் கடலக் காட்டினேன். மனுஷன் ஈரத் துண்டோட எங்களத் தாண்டி, காளையத் தாண்டி, அங்க வலை அலசிக்கிட்டு நின்ன மீன்காரங்களுக்கு நடுவுல போயி, அலையில முங்கினாரு. அவங்க ஒதுங்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. ஒரு கிழவன் மட்டும், அலை பெரிசா வந்தப்போ, அவருக்க கையப் பிடிச்சு நிறுத்தினான். பிள்ளை அந்தக் கைய விடல.

நெய்யாத்தங்கரையில வண்டியவிட்டு எறங்கினதும் பிள்ளை மாமாவ நேரே பாத்துச் சொன்னாரு: "வேய், இனி இந்தப் பயலு இந்த வண்டியில இருந்தான்னா, நானும் ஏறமாட்டேன், எங்க கச்சேரியில ஒருத்தனும் ஏறமாட்டான். கேட்டீரா?"

குறை சொல்லியாச்சு. காலேஜு தீந்துதுன்னு நான் வண்டிக்குப் பின்னால தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தேன். மாமா பாறசாலை வரைக்கும் காளைய விரட்டிக்கிட்டே வந்தாரு. வீட்டு முன்னால காளைய அவுக்கும்போதுதான் அவருக்குக் கணக்குல ஏதோ இடிச்சிருக்கு. நுகத்தடியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. பிறகு தோளு குலுங்கக் குலுங்கச் சிரிச்சாரு. "குறை சொன்னா வண்டியிலதான் ஒன்ன வைக்கேன்னு சொன்னேன். இப்ப ஒன்ன வண்டியிலதான் வைக்க முடியாதுங்கான். இந்த வாயோட ஒன்ன வீட்டுல வச்சா ஒனக்க மாமி என்னைய வெளிய விட்டுருவா. பெட்டியக் கட்டுலே மக்கா, காலேஜுக்கே போயித் தொலை."

ஆகவே சக மாணவர்களே, நான் இப்ப எஃப்.ஏ. ரெண்டாம் வருஷம் படிக்கிறது எனக்க புத்தியினால இல்ல, மாமாவுக்க நல்ல மனசினாலயும் இல்ல, அன்னைக்குச் சாயங்காலம் பூவாருல கடலு நேரத்துக்கு ஏறினதினாலயாக்கும்.