அறுந்துபோகாத கழுத்துப் பட்டை

பழனிவேல் எங்கள் ஊர்க்காரன், வடக்குத்து. அனல்மின் நிலையத்தில் உயரத்தில் ஏறிச் செய்யும் வேலைக்குக் கான்ட்ராக்ட் ஆள். பத்தொன்பது வருடமாக, அடுத்த வருடம் பெர்மனென்ட் ஆகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் பேச்சை நம்பி நானும் அதே கான்ட்ராக்டில் சேர்ந்து கெட்டேன். சாமியை எவ்வளவு நம்புவானோ தெரியாது, உடம்பில் மாட்டும் சேஃப்டி பெல்ட்டை நம்புவான். இரண்டு முறை கால் வழுக்கி அந்தரத்தில் தொங்கியிருக்கிறான். இரண்டு முறையும் பெல்ட்தான் பிடித்தது.

பிள்ளை இல்லாத வீடு. அவன் மனைவி கண்ணகிக்கு நாய்தான் துணை. முதல் நாய் கடையில் வாங்கிய பட்டையை அறுத்துக்கொண்டு ஓடி, கரி லாரியில் அடிபட்டுச் செத்தது. கண்ணகி பத்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்து வந்த கறுப்பியையும் பறிகொடுத்தால் இவளைத் தேற்றவே முடியாது என்று பழனிவேல் பயந்துபோனான். வேலையிடத்தில் கழித்துப்போட்ட சேஃப்டி பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து, கறுப்பியின் கழுத்துக்கு அளவாக வெட்டி, இரட்டைத் தையல் போட்டான். அதன் கயிற்றையே ஆறடிக்கு விட்டு மதிலோரம் தரையில் அடித்திருந்த கம்பியில் கட்டினான்.

"கழுத்துல வாணாம்டா, மாரோட சேத்துப் போடு. எங்கனா மாட்டிகினா கழண்டுக்கிற மாதிரி கொக்கி வை" என்றேன். மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லக் கேட்டது.

"கழண்டுக்கினா அதுக்குப் பேரு பெல்ட்டா? ஆனையே இழுத்தாலும் அறுவாது, போண்ணே" என்று சிரித்தான். அந்த மண்டைக்கனத்தை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

மார்கழியில் ஒரு மத்தியானம் தெருவில் சாவு ஊர்வலம் போனது. சரவெடி கொளுத்தினார்கள். மிரண்ட கறுப்பி மதிலைத் தாண்டிக் குதித்தது. மதிலே ஐந்தடி, மிச்சக் கயிறு ஓரடிதான்; அந்தப் பக்கம் கழுத்தோடு தொங்கியது, கால் தரையில் எட்டவில்லை. கண்ணகி பதறிப்போய், சுற்றிக்கொண்டு ஓடித் தூக்காமல், இந்தப் பக்கம் நின்று கயிற்றை அறுக்கப் பார்த்தாள். காய் நறுக்கும் கத்தி வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் சுற்றிப் போய்த் தூக்கியபோது கறுப்பி அடங்கிவிட்டிருந்தது.

ஷிஃப்ட் முடிந்து நாங்கள் வந்தபோது அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழனிவேல் பட்டையைக் கழற்றப் பார்த்தான், விரல்கூட நுழையவில்லை.

"ஒரு தையல்கூட வுடலியே" என்றாள் கண்ணகி. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவன் என் பக்கம் திரும்பினான். "அறுந்திருந்தா பொழச்சிருக்கும், இல்லண்ணே?"

பொய் சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். கண்ணகி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்டா" என்றேன்.