எஸ் என்று தொடங்கும் ஒரு பாட்டு

பாட்டு ஏற்றித் தரும் தொழிலில் அடுத்தவர் கேட்ட பாட்டுத்தான் நாள் முழுக்க நம் காதில் ஓடும். நமக்கு வேண்டிய பாட்டு கைக்குக் கிடைக்காது. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் முதலில் கேசட்டில் ஏற்றினோம், பிறகு சிடியில், இப்போது நான் மட்டும் பென்டிரைவில். கடை வைத்து உட்கார்ந்த எவருக்கும் இந்தக் கொடுமை புரியும். உங்கள் கடையில் எது விற்றாலும் சரி, உங்கள் வீட்டில் அது இருக்காது.

சூளை எழுத்து

கடை வைப்பதற்கு முன் என் கணவர் செராமிக் கம்பெனியில் இருந்தார். சூளைக்குப் போகும் சரக்கு ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு தொகுதிக்கும் அடியில் ஓர் ஆங்கில எழுத்தைக் குத்துவது அவர் வேலை. எட்டாம் வகுப்போடு நின்றவர். எழுத்துகள் தெரியும், சொற்கள் தெரியாது. நான் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். இதை ஊர் எங்களுக்கு அடிக்கடி ஞாபகப்படுத்தியது. அவர் ஒருநாளும் ஞாபகப்படுத்தவில்லை.

ரயில்வே குடியிருப்பில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு இருந்தார். ஓய்வு பெற்று ஆஸ்திரேலியாவுக்கு மகளிடம் போவதற்கு முன், பெட்டி பெட்டியாக வைத்திருந்த மேல்நாட்டு இசைத்தட்டுகளை எங்களுக்கு ஒரு மாதம் இரவல் தந்தார். என் கணவர் கம்பெனி வழக்கப்படியே பிரித்தார். தலைப்பின் முதல் எழுத்து எதுவோ, அந்த எழுத்துக்கு ஒரு கேசட். முதலில் பதிந்தது எஸ், ஏனென்றால் என் பெயர் சுகுணா.

ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் மைக்கில், சரக்கு எண்ணுகிற குரலில், "எஸ்... ஒண்ணு", "எஸ்... ரெண்டு" என்று சொல்லிவைத்தார். தலைப்புகளை நான் படித்துச் சொல்கிறேன், எழுதி வைக்கலாமே என்றேன். "நீ படிச்சா அது உன் கேசட்டாயிடும் சுகுணா. இது நான் உனக்குக் குடுக்குறது. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்தான் குடுப்பேன்."

பெண்ணாடம் பஸ்ஸு

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. உடைத்த பள்ளத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டால் மறுபடியும் பதியலாம். இந்த இரண்டாவது வித்தையைக் கண்டுபிடித்தவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மாசி மகத்தன்று பழமலைநாதர் கோயிலுக்கு வந்த கூட்டம் அப்படியே கடைக்குள் புகுந்தது. அவர் மதியம் சாப்பிடப் போயிருந்தார். புதுக் கேசட் தீர்ந்துவிட்டது. கரும்பு வெட்டுக்கு வந்திருந்த ஒரு பெண், சாமி பாட்டு ஒரு மணி நேரத்துக்கு வேண்டும் என்று நின்றாள். "பெண்ணாடம் பஸ்ஸு போயிடும்மா, சீக்கிரம்" என்று கல்லாவைத் தட்டினாள். கைக்கு வந்த ஒரு கேசட்டை எடுத்து, பள்ளத்தில் பச்சைக் காகிதத்தை ஒட்டி, வேகமாகப் பதியும் மெஷினில் போட்டுக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவர் அலமாரியைப் பார்த்துவிட்டு, எஸ் எங்கே என்றார். அவசரத்தில் நான் எடுத்தது எதுவென்று அப்போதுதான் தெரிந்தது. கார்டு அதற்குள் கப்பல் ஏறிவிட்டார், இசைத்தட்டுகளோடு. பிறகு இரண்டு வருடக் கரும்பு வெட்டு வரை என் கணவர் அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்தார். மூன்றாவது வெட்டின்போது அவரே இல்லை. அன்று திட்டியிருக்கலாம். சொன்னது இவ்வளவுதான்: "சாமி பாட்டுதான மேல ஏறிச்சு, வுடு. வெட்டு முடிஞ்சா வருவாங்க, கேட்டு வாங்கிக்கலாம்."

மங்கலம்பேட்டைக்காரர் உதவி

அந்த எஸ் கேசட்டில் ஒரு பாட்டு வந்தால் அவர் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவார். ஒரு பெண் பாடுவாள். ஒரு சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சை இழுப்பது தனியாகக் கேட்கும், வாசல்வரை வந்தவள் உள்ளே வரலாமா என்று தயங்குவது போல. கூட்டத்துக்கு நடுவே கேட்டதால் சொற்கள் என்னிடம் நிற்கவில்லை. இங்கிலீஷ் படித்தவள் நான். அரைகுறை மெட்டும் அந்த மூச்சும்தான் மிச்சம்.

அதனால் ஆங்கிலப் பாட்டு வைத்திருப்பவர் யார் வந்தாலும், எஸ்ஸில் தொடங்குவது இருந்தால் கொடுங்கள் என்பேன். இப்படி எத்தனையோ நல்ல பாட்டுகள் எனக்கு அறிமுகமாயின. கடலைப் பற்றி ஒன்று, மழையில் ரயிலுக்கு நிற்பதைப் பற்றி ஒன்று. ஒவ்வொன்றையும் அவள் மூச்சு வருகிறதா என்று பார்த்தே கேட்டேன். வராதபோது அந்தப் பாட்டின்மேல் கோபம் வந்தது, பாவம், அது என்ன செய்யும்?

துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மங்கலம்பேட்டை பஷீர், தன் போனில் இருந்த எஸ் பாட்டுகளையெல்லாம் பொறுக்கித் தந்தார். பாடியவர் யார், படமா ஆல்பமா, ஒரு வரியாவது தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்று தலையை ஆட்டினேன். "பேரு தெரியாது, ஊரு தெரியாது, மொத எழுத்து மட்டும் தெரியும். எங்க அத்தா எனக்குப் பொண்ணு பாத்ததும் இப்படித்தாம்மா. நல்லாத்தான் அமைஞ்சுது, நீங்க தேடுங்க!"

முணுமுணுப்பு

மெட்டை முணுமுணுத்தால் போன் பாட்டைக் கண்டுபிடித்துவிடும் என்று ஸ்டாண்டு ஆட்டோக்காரர் குமார் சொன்னார். அவர் போனை வாயருகே பிடித்துக்கொண்டு வெட்கத்தோடு முணுமுணுத்தேன். வலி நிவாரணித் தைல விளம்பரம் ஒன்று வந்தது. இன்னொரு தரம் முயன்றேன், அதே தைலம். குமார் போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். "மெட்டுல ஒண்ணும் தப்பு இல்லம்மா. மூட்டு வலியில பாடுறீங்கன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

கற்பூரப் பாட்டு

பழைய கேசட்டைப் பென்டிரைவில் மாற்றித் தருவதாகக் கடை வாசலில் ஒரு பலகை உண்டு. அதற்காகவே ஒரு டேப் மெஷினை உயிரோடு வைத்திருக்கிறேன். போன தை மாதம், தலை நரைத்த ஒரு பெண் மஞ்சள் பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து வைத்தாள். "எங்க வூட்டு சாமி பாட்டும்மா. டேப்பு ரிப்பேரு. இதுல ஒண்ணு வுடாம ஏத்திக் குடுங்க."

திருப்பிப் பார்த்தேன். முதுகில் பச்சைக் காகிதம். ஓரத்தில் அவர் பேனாவால் எழுதிய எஸ், அடியில் முத்திரை குத்துவது போல் அழுத்தி.

மெஷினில் போட்டேன். சாமி பாட்டு அரை மணியில் முடிந்தது. நிறுத்தப் போன என் கையை அவள் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் உறைத்தது: தொழிலில் இத்தனை வருடம் இருந்தவள் அதை ஒரு தரம்கூட யோசிக்கவில்லை. நான் ஏற்றியது அறுபது நிமிடம், கேசட் தொண்ணூறு. ஒவ்வொரு பக்கத்திலும் கால் மணி நேரத்தை நான் அழிக்கவே இல்லை. கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அவர் குரல்: "எஸ்... ஒம்பது". டேப்பில் அந்தப் பெண் பாடினாள். சரணத்துக்கு முன்னால் மூச்சை இழுத்தாள்.

கேசட் கொண்டுவந்தவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இது வந்தாத்தான் எங்க வூட்ல கற்பூரம் காட்டுவோம்."

"இது சாமி பாட்டு இல்லம்மா" என்றேன்.

"வெள்ளைக்காரி பாட்டுன்னு எங்களுக்குத் தெரியாதா? அதுக்கு முன்னால ஒருத்தரு ஒம்பதுன்னு சொல்றாரு பாருங்க, அந்தக் கொரலுக்குத்தான் கற்பூரம். ஒரு எண்ணிக்கைய யாரும்மா அவ்ளோ பக்தியா சொல்லுவாங்க?"

ஏற்றி முடித்ததும் கம்ப்யூட்டர் பாட்டின் பெயரைக் கேட்டது. இலக்கியம் படித்த நான் "எஸ்" என்று மட்டும் அடித்தேன், எனக்கும் தெரிந்த வரைக்கும்தான் கொடுக்க முடியும்.