எழுபது வளைவுகளும் ஒரு டம்ளர் வல்லாரைச் சாறும்

கொல்லிமலைப் பாதையில் நான்கு வருடமாகக் குட்டியானை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். சோளக்காட்டில் அன்னாசியும் பலாவும் மிளகும் ஏற்றி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேந்தமங்கலத்துக் கடைகளில் சேர்ப்பது என் தொழில். மலைமேல் ஆலத்தூர் நாட்டுப் பகுதியில் இருந்த எங்கள் காட்டு வெள்ளாமையை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். பொம்பளை வண்டி ஓட்டுவதா என்று முதலில் சிரித்த வியாபாரிகளே பிறகு, "அக்கா வண்டியில ஏத்துங்க, பழம் நசுங்காம போவும்" என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஒரு பெயர் இருந்தது.

ஒரு மழைநாள் காலையில் பாதி மலை இறங்கியிருந்தபோது எதிரே பஸ் வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழி விடவேண்டும் என்று பின்னால் எடுத்தேன். பின்சக்கரம் ஈரமண்ணில் வழுக்கி, பள்ளத்துப் பக்கமாக ஒரு முழம் நகர்ந்து நின்றது. அவ்வளவுதான். பஸ் போனது. நானும் போய்ச் சரக்கை இறக்கினேன். வீட்டில் அதைச் சொல்லக்கூட இல்லை.

மூன்றாம் நாள் அதே வளைவு. நல்ல வெயில், எதிரே வண்டியும் இல்லை. திடீரென்று நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்குவது போல இருந்தது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சை இழுக்க இழுக்கப் போதவில்லை. எப்படியோ ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, சாலையோரக் கல்லில் உட்கார்ந்து வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எல்லாவற்றையும் பார்த்த டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும்.

"இருதயம் கல்லு மாதிரி இருக்குதுங்க. இது பயத்தால வர்ற படபடப்பு. அன்னிக்குப் பட்ட பயம் உடம்புல தங்கிருச்சு" என்றார்.

"நான் பயப்படவே இல்லீங்களே!"

"மனசு மறைச்சுக்கிச்சு. உடம்புக்கு மறைக்கத் தெரியாது." பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" என்று கேட்டார்.

எட்டு என்றேன். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர், "பத்துங்க" என்றார்.

டீயைக் குறைக்கச் சொன்னார். தினமும் இரண்டு வேளை கால் மணி நேரம் உட்கார்ந்து மூச்சு போவதையும் வருவதையும் மட்டும் கவனிக்கச் சொன்னார். படபடப்பு வந்தால் எதிர்த்துச் சண்டை போடாமல், பாதம் தரையில் படுவதையும் கை தொடுவதையும் கவனித்தபடி இருந்தால் தானாக இறங்கும் என்றார். வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "எங்க ஓடையோரம் வல்லாரை கெடக்குதுங்க. வெச்சுக் குடுக்கலாங்களா?" என்றார். "அளவாக் குடுங்க. ஆனா அது மட்டும் போதும்னு பயிற்சிய விட்றாதீங்க" என்று டாக்டரம்மா சிரித்தார்.

டீயைக் குறைத்த முதல் மூன்று நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் பலாப்பழ லோடும் டயர் தேய்மானமும்தான் நினைவுக்கு வந்தன. எரிச்சலாகி எழுந்துவிடுவேன்.

வழி காட்டியது அந்த வல்லாரைதான். வீட்டுக்காரர் இலையைப் பறித்து, சீரகமும் நாலு மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து டம்ளரில் ஊற்றித் தருவார். கசப்பும் துவர்ப்புமாக இருக்கும், ஒரே மடக்கில் குடிக்க முடியாது. டம்ளரின் சூட்டைக் கையில் வாங்கி, ஆவியை மோந்து, ஒவ்வொரு வாயாக விழுங்கவேண்டும். ஒருநாள் டம்ளர் காலியானபோதுதான் தெரிந்தது, அத்தனை நேரமும் வேறு எதையுமே நினைக்கவில்லை. டாக்டரம்மா சொன்னது இதுதானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அன்றிலிருந்து சாறு குடித்த கையோடு மூச்சைப் பார்க்க உட்கார்ந்தேன். அதுவரை கெட்டுப்போயிருந்த தூக்கம் திரும்பியது.

பிறகு, ஆஸ்பத்திரி போனதிலிருந்து ஓட்டாமல் நிறுத்தியிருந்த வண்டியின் மேல் போட்டிருந்த தார்ப்பாயை எடுத்தேன். முதல் வாரம் எஞ்சினைப் போடாமல் சீட்டில் உட்கார்ந்து மட்டும் இருந்தேன். அடுத்த வாரம் சோளக்காடு வரை. அதற்கடுத்து, வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து வளைவு இறங்கி ஏறினேன். பத்து இருபதாகி, இருபது முப்பதானது.

பலா சீசன் வந்ததும், "நாளைக்கு லோடு எடுக்கறேனுங்க" என்றேன்.

"நானும் வாரேன்."

"வேண்டாங்க. நான் மட்டும் போறேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "சரி, போ புள்ள" என்றார்.

முழு லோடு. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, ஒரு மூச்சை முழுதாக விட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பினேன். பாதி மலையில் அந்த இடம் வந்ததும் நெஞ்சு இறுகத்தான் செய்தது. அகலமான இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். 'வந்துட்டியா, இரு' என்று அதனிடம் சொல்லிவிட்டு, பிரேக்கில் பதிந்த பாதத்தைக் கவனித்தேன். ஸ்டியரிங்கின் சொரசொரப்பையும் பின்னாலிருந்து வந்த பலாவாசத்தையும் கவனித்தேன். இறுக்கம் ஏறியது, நின்றது, மெல்ல இறங்கியது. நான் ஓடவில்லை, அதுதான் போய்விட்டது!

கியரைப் போட்டேன். மீதி வளைவுகள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. காரவள்ளி அடிவாரத்தில் சமதளம் தொட்டதும் கண்ணாடியை இறக்கிவிட்டு, யாரும் இல்லாத ரோட்டில் வாய்விட்டுச் சிரித்தேன். சேந்தமங்கலத்தில் சரக்கை இறக்கிய கடைக்காரர், "ஏனுங்க, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்றார்.

"நாளையில இருந்து தெனமும் வருவேனுங்க. எடத்த ஒதுக்கி வைங்க" என்று சொல்லிவிட்டு, நாலு இட்லியும் ஒரு ரோஸ்ட்டும் சாப்பிட்டேன். அப்படிப் பசித்துச் சாப்பிட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பிறகு காலி வண்டியை மலைக்குத் திருப்பினேன். எழுபது வளைவும், எங்கும் நிற்காமல், ஒரே ஏற்றம்.